மாஸ்டரின் வலது கால்

இந்த வீட்டில் தன்னைத் தவிர வேறு யாரும் காரின் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மாஸ்டர் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. சபதம் எடுக்கிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தி, கையை உயர்த்தி, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி எடுப்பார்கள். மாஸ்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையில் குழந்தை. குட்டி என்று எல்லோரும் கூப்பிடும், இன்னும் நடக்கத் தொடங்காத அந்தப் பெண் குழந்தை அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே அவர் சபதத்தை மனசுக்குள்ளேயே எடுத்து, பதற்றத்தில் நுரையையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் சமையலறையிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியம்.

"என்னங்க, நான் கார் ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

கத்துக்கட்டுமா என்றுகூட இல்லை. புருஷன் என்ற மரியாதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம். அதையும் மிச்சம் பிடித்துவிட்டாள்.

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"ஓட்டத்தான்."

"ஓட்டி எங்க போகப் போறே?"

"எங்க போகணுமோ அங்க."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாஸ்டர் என்றால் ட்ரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த ஊரில் ஒழுங்காக பிரேக் போடுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் பிரேக்கே போடுவதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் அவர் கியரைப் பற்றிப் பேச மாட்டார், கிளட்சைப் பற்றிப் பேச மாட்டார். விடாமுயற்சியைப் பற்றித்தான் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினால் மலையையே கடந்துவிடலாம் என்று தோன்றும். ஏறிய பிறகுதான் தெருமுனையைக் கடப்பதே கஷ்டம் என்று தெரியும்.

போன வியாழக்கிழமை மத்தியானமும் அதே பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் வீட்டில் குட்டிக்குக் காய்ச்சல் ஏறியது. சாதாரணமாக ஏறவில்லை. உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் மாஸ்டருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடி, மறுபடி செய்தாள். போன் ஸ்கூல் மேஜையின் மேல் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. "இலக்குன்னு ஒண்ணு வச்சுட்டா, பக்கத்துல போன் துடிச்சாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லி, மாஸ்டர் அதைக் கவிழ்த்து வைத்தார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

வாடகைக்கு வண்டி ஒன்றும் அகப்படவில்லை. அவள் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மறந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாசலை அடைத்துக்கொண்டு அவர்களுடைய கார் சாம்பல் நிற உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் அவள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

குட்டி பிழைத்தது. ஊசி போட்ட டாக்டரம்மா, "இன்னும் கொஞ்சம் சீக்கிரமா தூக்கிட்டு வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாஸ்டர் விஷயம் கேட்டுப் பதறினார், குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்:

"அதான் சரியாயிடுச்சே. அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதற்கான பதில்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை சமையலறையிலிருந்து வந்தது. மாஸ்டருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. படையெடுப்பாகத் தெரிந்தது.

அவர் நியாயத்தையும் கேட்க வேண்டும். அந்த வீட்டில் டிவி ரிமோட் அவளுடையது. பீரோ சாவி அவளுடையது. மாஸ்டர் எந்தச் சட்டையைப் போடுவது, எப்போது முடி வெட்டுவது, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது எல்லாமே அவளுடைய அதிகாரத்துக்கு உட்பட்டவை. மிச்சம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உறையை எடுப்பார். கழுவுவார். தெருவை ஒரு சுற்று சுற்றுவார். திரும்பி வந்து உறையைப் போர்த்துவார். அந்த ஒரு சுற்றில் அவர் ஒரு சக்கரவர்த்தி. அதையும் கேட்கிறாள் என்றால் இது என்ன அநியாயம்?

முதலில் சிரித்து மழுப்பினார். "கார் ஓட்டறது என்ன, குக்கர் வைக்கிற மாதிரின்னு நினைச்சியா?"

"இல்லீங்க. குக்கர் வெடிக்கும். கார் அப்படி வெடிக்கிற மாதிரித் தெரியலை."

பிறகு பயமுறுத்தினார். "எதிர்ல லாரி வந்தா என்ன பண்ணுவே?"

"நீங்க என்ன பண்ணுவீங்களோ அதைத்தான்."

பிறகு தள்ளிப் போட்டார். "குட்டி கொஞ்சம் வளரட்டும்."

"வளர்ந்தா அதுவே ஓட்டிக்கும். எனக்கு இப்பத்தான் வேணும்."

இந்த விஷயம் இப்படியே ஆறிப்போகும் என்று நினைத்தார். ஆறவில்லை. அடுத்த புது வகுப்பு தொடங்கிய அன்று, கடைசி பெஞ்சில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் முதலில் கவனிக்கவில்லை. பேச்சு பாதியைத் தாண்டி, "உங்களால முடியாதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, அது உங்க சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி" என்கிற இடத்தில், மேஜையைத் தட்டி நிமிர்ந்தபோது கண்ணில் பட்டாள். பேச்சு அங்கேயே கியர் மாறி நியூட்ரலுக்கு வந்தது.

அவள் பள்ளிக்கூட அசெம்பிளியில் எழுந்து நிற்பதுபோல் அடக்கமாக எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா" என்றார் மாஸ்டர். வேறு என்ன சொல்ல முடியும்?

"இதெல்லாம் மாஸ்டரோட பெண்டாட்டிக்கும் பொருந்துமா சார்?"

வகுப்பு சிரித்தது. ஸ்கூல் ஓனரம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். "பொருந்தாம எங்க போகும்? காலையில வகுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் வண்டி சும்மாத்தானே நிக்குது மாஸ்டர். வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பியது. திட்டம் பிறந்துவிட்டது.

ட்ரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் பயந்துபோய் எதையாவது மிதித்துத் தொலைத்தால் மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்து எல்லாருடைய உயிரையும் காப்பாற்றுவார். அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் நின்றிருக்கும் வண்டி கிளம்புவதற்கு, கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து பக்கத்து சீட்டுக்காரர் பிரேக்கை லேசாக மிதித்தால் என்ன ஆகும்? வண்டி ஒரு உலுக்கு உலுக்கும், என்ஜின் செத்துவிடும். ஓட்டுகிறவர் தப்பு தன்மேல்தான் என்று நினைப்பார்.

ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அவளாகவே, "நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிடுவாள். தான் கற்றுக்கொடுக்க மறுத்ததாகவும் இருக்காது. அவள் கற்றுக்கொண்டதாகவும் இருக்காது. இவ்வளவு அழகான திட்டம் தன் தலையில் உதித்ததை நினைத்து மாஸ்டருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் குட்டியை விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். டெய்லரம்மா வாசலிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களின் துணியையும் குணத்தையும் சேர்த்து அளவெடுக்கிறவர். ஸ்கூல் கார் தெருமுனையில் காலி மைதானத்தின் ஓரம் நின்றது. டெய்லரம்மாவின் வாசலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

"கிளட்ச மெதுவா விடு" என்றார் மாஸ்டர்.

விட்டாள். மாஸ்டரின் வலது கால், கோயிலுக்குள் நுழைகிற கால்போலப் பணிவாக, சத்தமில்லாமல், பிரேக்கின் மேல் இறங்கியது. கார் ஒரு குதி குதித்து நின்றது.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க" என்றாள். குனிந்து காலடியை வேறு பார்த்தாள்.

"கீழ என்ன பார்வை? ரோட்டைப் பாரு."

"சரிங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"பண்ணு. காலும் மனசும் ஒத்துப்போகணும். சிலபேருக்கு அது பிறவியிலேயே அமையாது. வருத்தப்படாதே."

"வருத்தமெல்லாம் இல்லீங்க."

கார் குதித்தது. நின்றது. குதித்தது. நின்றது. வகுப்பு தொடங்கும் நேரம் வரை அது தன் நீளம்கூட நகரவில்லை. மாஸ்டர் திருப்தியாக இறங்கினார். அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "நாளைக்கும் இதே நேரம்தானேங்க?" என்றாள்.

நாளைக்கும் இதே நேரம்தான். நாளை மறுநாளும். அடுத்த வாரமும். அவள் அலுக்கவில்லை, அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. மாஸ்டருக்குத்தான் வயிறு எரிந்தது. எந்த மனுஷியாவது ஒரே தப்பை இத்தனை தடவை செய்துவிட்டு, இவ்வளவு நிம்மதியாகச் சாவியைத் திருப்புவாளா? தோற்றுப்போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

"மாஸ்டர், உங்க ஸ்கூல் வண்டி விக்கல் எடுத்துக்கிட்டே இருக்கே. கொஞ்சம் தண்ணி குடுக்கக் கூடாதா?" என்றார் டெய்லரம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டறவங்களைச் சொல்லணும்."

"அப்ப கத்துக்குடுக்கறவங்களையும் சொல்லணுமில்ல?"

"எங்கிட்டக் கத்துக்கிட்டவங்க ஊரெல்லாம் ஓட்டறாங்க தெரியுமா?"

"தெரியும் தெரியும். எனக்கு ஆச்சரியம் அது இல்லை. நீங்க தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து வர்றீங்களே, அதான். ஓடப் போறேன்னு ஷூ வாங்கினீங்க. இப்ப அது உங்க வீட்டுக் கதவு சாத்தாம இருக்கறதுக்கு முட்டுக் குடுத்திருக்கு. கிதார் வாங்கினீங்க. உங்க வீட்டம்மா அதுமேல துணி காயப் போடறாங்க. டீயை விட்டுட்டேன்னு தெருவுக்கே சொன்னீங்க. மறுநாள் என் வீட்டுக்கு வந்து குடிச்சீங்க."

"அது வேற, இது வேற."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இது எப்படி வேற?"

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். காரணத்தை வெளியே சொல்ல முடியாது. அவர் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அவள் நிறுத்தாதவரை அவரும் நிறுத்த முடியாது. ஒருநாள் அவர் படுத்துத் தூங்கிவிட்டால், அவள் நேராக ஓனரம்மாவிடம் போய் வேறு மாஸ்டரைக் கேட்பாள். அந்த ஆள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்துவிடுவான். பிறகு ராஜ்ஜியம் போச்சு. ஆகவே மாஸ்டர் குளிரிலும் எழுந்தார், தூறலிலும் எழுந்தார், தலைவலியோடும் எழுந்தார். அலாரம் அடிக்கும் முன்பே கண் விழித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, உலகத்தில் தன்னைப்போல வஞ்சிக்கப்பட்ட புருஷன் உண்டா என்று பொருமிக்கொண்டு படுத்திருந்தார்.

இந்த லட்சணத்தில் வலது கால் வேறு வீங்கிவிட்டது. ஓட்டுகிறவர் காலைப் போல அதற்கு மாற்றி மாற்றி வேலை இல்லை. ஒரே பெடல், ஒரே அழுத்தல். சாயங்காலம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முனகினார். அவள் தைலத்தை எடுத்து வந்து கணுக்காலில் தேய்த்துவிட்டாள்.

"பக்கத்து சீட்டுல சும்மா உக்காந்திருக்கறவருக்கு எப்படிங்க கால் வீங்குது?"

"நீ ஓட்டறதைப் பார்க்கற டென்ஷன். எல்லாம் கால்ல இறங்குது."

"வலது கால்ல மட்டுமா இறங்கும்?"

"டென்ஷன் எந்தக் கால்ல இறங்கணும்னு எங்கிட்டக் கேட்டுட்டா இறங்குது?"

"பாவம். வேணும்னா கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. நான் ஓனரம்மாகிட்டச் சொல்லி வேற மாஸ்டரை..."

"ஒண்ணும் வேணாம். நானே வரேன்."

"உங்களுக்குச் சிரமம்."

"சிரமமில்லைன்னு சொல்றேன்ல."

"உங்களை மாதிரி யாருங்க வருவா" என்று சொல்லிக்கொண்டு அவள் இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்தாள். அந்த வார்த்தையில் அவருக்குச் சின்னதாகக் குற்ற உணர்ச்சி வந்தது. மறுநாள் காலை மைதானத்துக்குப் போவதற்குள் அது சரியாகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு மைதானத்தில் ஏதோ கோளாறு. அவள் கிளட்சை விட்டாள். மாஸ்டர் வழக்கம்போல் பிரேக்கை மிதித்தார். கார் குதிக்கவில்லை. சாகவும் இல்லை. கயிற்றை இழுத்துப் பிடித்த நாய்போல இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். என்ஜின் சத்தம் கனத்தது. அவள் கிளட்சின் மேலிருந்த இடது காலை ஒரு மயிரிழை இறக்கினாள். சத்தம் லேசானது. இவர் மேலும் அழுத்த, அவள் மேலும் இறக்க, கடைசியில் வலி பொறுக்காமல் மாஸ்டர் காலை எடுத்ததும், கார் தொட்டிலை ஆட்டினதுபோல அலுங்காமல் கிளம்பிப் போயிற்று.

மாஸ்டர் அன்றே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"என் பக்கத்து பிரேக் பிடிக்க மாட்டேங்குது. பாரு."

மெக்கானிக் படுத்துப் பார்த்தான், எழுந்து பார்த்தான். "அருமையாப் பிடிக்குதே மாஸ்டர். ஆனா உங்க பக்கத்து பெடல் ரப்பர்தான் தேய்ஞ்சு வழுக்கையாயிருக்கு. அதை எதுக்கு இப்படி மிதிக்கிறீங்க? யாராவது அவ்வளவு மோசமா ஓட்டறாங்களா?"

"ஆமாம்" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒருத்தி."

அதன் பிறகு அவர் நாகரிகம் பார்க்கவில்லை. நேராக மேம்பாலத்துச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டு நின்று ஹாரன் அடித்தது. புது ஆட்களுக்கு அந்த இடத்தில் வண்டி பின்னால் உருளும், சிலர் கதவைத் திறந்துகொண்டு இறங்கியே விடுவார்கள். "கிளம்பு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்தார். அவள் உதடு மட்டும் லேசாக வெளுத்திருந்தது. கண்ணாடியில் லாரியைப் பார்த்தாள், என்ஜின் சத்தத்தைக் கேட்டாள், காத்திருந்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி மாஸ்டரின் பரம்பரையை விசாரித்தான். அதைக் கேட்டு மாஸ்டரின் கால் தன்னையறியாமல் தளர்ந்தது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறியது.

"இது தற்செயல்" என்றார்.

"அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் அவள்.

இனி ஒரே வழிதான். லைசென்ஸ் பரீட்சை. லைசென்ஸ் ஆபீஸில் பரீட்சை வைக்கிற இன்ஸ்பெக்டர் ஊர் அறிந்தவர். சிரிக்க மாட்டார், கத்த மாட்டார். ஃபெயில் என்பதை நலம் விசாரிக்கிற குரலில் சொல்லுவார். மாஸ்டரின் நல்ல மாணவர்களே அவரைப் பார்த்ததும் ஸ்டியரிங்கைத் தேடியிருக்கிறார்கள். பெண்டாட்டி அவர் கையால் தோற்றால் பழி இவர் மேல் வராது. மாஸ்டர் தானே முன்னின்று விண்ணப்பம் போட்டார்.

"அதுக்குள்ளயா? நான் தயாரா இருக்கேனாங்க?" என்றாள் அவள்.

"பிரமாதமா இருக்கே" என்றார் மாஸ்டர். அவள் ஓட்டத் தொடங்கியதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

பரீட்சை நாளில் டெய்லரம்மா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தானும் வந்துவிட்டார். மாஸ்டர் பரீட்சைத் திடலின் கம்பி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அவருடைய சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து தள்ளி, ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டார். விதி அப்படி.

திடலின் நடுவில் ஒரு மண்மேடு. அதன் ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்லி, பின் டயருக்கு அடியில் ஒட்டினாற்போல் ஒரு காலித் தீப்பெட்டியை வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கிளம்பும்போது வண்டி இம்மி பின்வாங்கினாலும் பெட்டி நசுங்கும். அதற்கு முன்னால் போன எல்லோருடைய தீப்பெட்டிகளும் அப்பளமாக மேட்டில் கிடந்தன.

"நம்ம பொண்ணு பயப்படுதா பாருங்க" என்றார் டெய்லரம்மா.

"பயப்படணும். பயம் நல்லது" என்றார் மாஸ்டர். கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

அவளுக்குப் பயம்தான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. ஒருமுறை தலையைத் திருப்பிக் குட்டியைப் பார்த்தாள். பிறகு என்ஜின் சத்தம் லேசாகக் கனத்தது. மாஸ்டருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் தன் கணுக்காலுக்கும் அவளுடைய இடது காலுக்கும் நடுவே கேட்ட சத்தம். இன்றைக்கு அந்தப் பக்கம் மிதிக்க ஆளில்லை.

கார் ஏறிப் போயிற்று. தீப்பெட்டி, கடையில் வாங்கி வைத்த மாதிரி, மேட்டில் நின்றுகொண்டிருந்தது.

இறங்கி வந்த இன்ஸ்பெக்டர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"இவர்தாங்க சார். என் வீட்டுக்காரர்."

"கிளட்சை இப்படிப் பிடிச்சு வைக்க, கத்துக்க வந்த யாருக்கும் வராதே. என்ன பண்ணினார்?"

"தினமும் கூடவே உக்காந்து, தன் கால் வீங்க வீங்கச் சொல்லிக்குடுத்தார் சார். ஒருநாள்கூட லீவு போடலை."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் யார் கையையும் குலுக்கி அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. மாஸ்டருக்கு அழுவதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானமே அவள் வாசலில் நின்ற காரின் உறையை உருவி மடித்து வைத்தாள். மாஸ்டர் படியில் நின்று பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"டாக்டரம்மா குட்டியைச் செக்கப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வர்றீங்களா? இல்லை, வகுப்பு இருக்கா?"

வகுப்பு இருந்தது. ஆனால் மாஸ்டர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். குட்டியை மடியில் வாங்கிக்கொண்டார். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், சாவியைத் திருப்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில், அன்றைக்கு அவள் வெறுங்காலோடு ஓடிய அதே ஓரத்தை ஒட்டி, கார் நிதானமாகப் போயிற்று. தெருமுனையிலும் சிக்னலிலும் மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், பாதி வழியில் வெடித்தார்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். உனக்கு எப்பத் தெரியும்?"

"எதுங்க?"

"நான் பிரேக்கை மிதிச்சது."

"முதல் நாளே தெரியுங்க. நீங்க அந்தப் பக்கம் மிதிச்சா என் பக்கத்து பெடலும் தானாக் கீழ போகுதே. ரெண்டும் ஒரே கம்பியில கோர்த்ததுதானே?"

மாஸ்டரின் பார்வை முதல் தடவையாக அவள் காலடிக்குப் போயிற்று. ஸ்கூல் வண்டியில் அவர் எப்போதும் பக்கத்து சீட்டில்தான். ஓட்டுகிறவர் காலடியைக் குனிந்து பார்க்க அவருக்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை. பார்க்காதே என்று சொல்லித்தான் பழக்கம்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல? சண்டை போட்டிருக்கலாம்ல? நானும் விட்டிருப்பேன்ல?"

"அதான் கேக்கலை" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க எதைங்க மூணு நாளைக்கு மேல செஞ்சிருக்கீங்க? எனக்குக் கத்துக்குடுக்கறதுக்குன்னு வந்திருந்தா நாலாம் நாள் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பீங்க. என்னைத் தோக்கடிக்கறதுக்குன்னுதான் தினமும் எனக்கு முன்னாடி எழுந்து வந்தீங்க. எனக்கும் ஓட்டிப் பழகத் தினமும் ஒரு வண்டி வேணுமே."

மாஸ்டர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். அவமானம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். தன்னை வீழ்த்தத் தானே விடியற்காலையில் எழுந்து, பல் துலக்கி, கால் வீங்க உழைத்திருக்கிறோம். இதை எந்த மேடையில் ஏறிச் சொல்லி நியாயம் கேட்பது?

"அப்ப இவ்வளவு நாளா நான் ஏமாந்திருக்கேன்."

"சும்மா ஏமாறலைங்க" என்றாள் அவள், ஆஸ்பத்திரி வாசலில் அலுங்காமல் பிரேக் போட்டுக்கொண்டே. "விடாமுயற்சி பண்ணி ஏமாந்திருக்கீங்க."